திவசத்தன்று திறந்த கேற்று

கிரான்பர்னிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி, ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணையில் மகன் வேலை செய்தான். நாங்கள் இருவரும் இருக்க அங்கேயே சின்ன வீடும் தந்திருந்தார்கள். முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால்தான் அவனுக்கு விசா நீடிக்கும். மாடுகளை எதற்கு வளர்க்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அன்று என் கணவருடைய திவசம். மழை விட்ட காலையில் வெள்ளென சமைத்துப் படைத்தோம். மாட்டுக்குக் கீரை கொடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவது. அகத்திக்கு அங்கே எங்கே போவது?

"ஐயர்தான் இல்லை. மாடு நாப்பது நிக்குது, வடிவாக் குடுங்கோ அம்மா" என்று சிரித்துவிட்டு மகன் தண்ணீர்த் தொட்டி திருத்தப் போனான்.

மாடுகள் நின்ற பக்கம் மேய்ந்து மொட்டையாய்க் கிடந்தது. வேலிக்கு மற்றப் பக்கம் குளோவர் என்கிற தீவன இலை முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு பிடி பிடுங்கி நீட்டினேன். ஒரு மாடு வாங்கித் தின்றது. மற்றதுகளெல்லாம் ஓடிவந்து வேலியோடு முட்டிக் கத்தின. ஒன்றுக்குக் கொடுத்து மற்றதுகளைப் பட்டினி போடுவதா, அதுவும் இவருடைய நாளில்? கேற்றுச் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். தலை நிமிராமல் அவை தின்றதைப் பார்க்க என் வயிறு நிறைந்தது.

மகன் திரும்பி வந்தபோது, கன்றோடு நின்ற சிவப்பு மாடு இடப்பக்கம் மேளம் மாதிரி வீங்கி விழுந்து கிடந்தது.

"ஆரம்மா கேற்றைத் திறந்தது?"

"நான்தான் மோனை. பசியில கத்திச்சுதுகள்."

"ஐயோ அம்மா! முதல்ல காய்ஞ்ச புல்லுப் போட்டு வயித்தை நிரப்பிப்போட்டுத்தான் இதுக்குள்ள விடுறது. வெறும் வயித்தில ஈரமாத் திண்டா காத்தடைச்சுச் செத்துப்போகும்."

மற்ற மாடுகளைத் துரத்தி வெளியே விட்டான். மாட்டு வைத்தியர் வருவதற்குள் அதற்கு மூச்சு நின்றுவிட்டது. கன்று மூன்று நாள் கத்தியது.

முதலாளி வந்தபோது நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மகன் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு ஆங்கிலத்தில் சொன்னான். பிழையைத் தன் தலையில் போடுகிறான் என்று விளங்கியது. 'மீ' என்ற ஒரு சொல் எனக்குத் தெரியும். வெளியே போய் அதைச் சொல்லியிருக்கலாம். பிறத்தியாருக்கு முன்னால் என் வாய் ஒட்டிப்போய்விடும், அன்றும் ஒட்டிப்போனது.

கடிதம் வரவில்லை. இப்போது டண்டினொங்கில் ஓர் அறையில் இருக்கிறோம். மகன் வேறு முதலாளி தேடி அலைகிறான். ஒரு வருஷம் ஓடி, அடுத்த கிழமை திரும்பவும் திவசம். நேற்றுத்தான் கேட்டேன்:

"அண்டைக்கு ஏன் மோனை பிழையை உன்ர தலையில போட்டனீ?"

"நான்தானே அம்மா குடுக்கச் சொன்னனான்" என்றான்.