ஆயுத பூஜைக்குக் கணினியைச் சுத்தம் செய்தது

பத்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைய அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலில் எனக்கு ஒரு ஸ்டுடியோ. என் மனைவியின் தம்பி கல்யாணங்களில் படம் எடுப்பான். நான் ஆல்பம் செய்வேன். கணினி பழையது. விண்டோஸ் தாங்காது என்று, செங்கல்பட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாள்.

ஆயுத பூஜையன்று காலையில் கடையைக் கழுவினோம். கேமரா, பிரிண்டர், கத்தரி எல்லாம் துடைத்தாயிற்று. கணினியில் 'பூட்' என்ற சின்னப் பகுதி நிரம்பிவிட்டதாகப் பல நாளாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. அதை மட்டும் விடுவானேன் என்று திறந்தேன். புரியாத பெயர்களில் கோப்புகள். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்து, எல்லாவற்றையும் அழித்தேன். கணினி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை அதிலேயே வேலை பார்த்தேன். பிறகு அணைத்து, பொட்டு வைத்துப் படைத்தோம். படைத்ததை மறுநாள் வரை தொடுவதில்லை.

விஜயதசமியன்று பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை. மேலே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அணைத்துப் போட்டாலும் அதே வரி.

உள்ளே நெம்மேலியில் எடுத்த கல்யாணப் படங்கள் இருந்தன. பெண்ணை அவள் அப்பா கைப்பிடித்துச் சர்ச்சுக்குள் அழைத்துவந்த படங்கள். அந்த மாதமே அவர் தவறிவிட்டார்.

"இன்னா மாமா, மூஞ்சி இப்டி கீது?" என்றபடி மைத்துனன் வந்தான்.

"நெம்மேலி படம் போச்சு போலகீதுடா."

"கேமரா கார்டுல அத அழிச்சிட்டு வேற கல்யாணம் எடுத்துட்டேனே, மாமா."

மைத்துனன் வண்டி ஓட்ட, கணினியை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு போனேன். வழி முழுக்க நெம்மேலிப் பெண்ணின் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதே ஓடியது.

ரிப்பேர் கடைப் பெண் திரையைப் பார்த்தாள். "யாருண்ணே பூட்ல கை வெச்சது?"

"நாந்தாம்மா. பூஜைக்கு சுத்தம் பண்ணேன்."

"உள்ளயுமா கழுவுனீங்க? நல்லவேள, தண்ணி ஊத்தல."

தன் பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியை இயக்கினாள். எங்கள் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன.

"கம்ப்யூட்டர் எழுந்துக்கற ஃபைலு தனி, சிஸ்டம் தனி, உங்க படம் தனின்னு அன்னைக்கே பிரிச்சு வெச்சேன். நீங்க வாசக்கதவத்தான் பேத்துப் போட்டுகினு வந்துகீறீங்க. வூடு அப்டியே கீது."

"சாயங்காலம் வரிக்கும் ஓடுச்சேம்மா?"

"காலையிலயே எழுந்துட்டதால ஓடுச்சு. அணைச்சீங்க, அவ்ளோதான்."

நான் அழித்த பிறகும் அது ஒன்றுமே நடக்காததுபோல் எனக்கு உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. படங்கள் இருந்த பக்கத்துப் பகுதியைத் திறந்திருந்தால் அதையும் இதே கையால் துடைத்திருப்பேன். மைத்துனன், கல்யாணப் பெண்ணின் அப்பா படத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். வாங்கிவைத்த டீயை இருவரும் குடிக்கவில்லை.

அவள் அன்றே 'பூட்' கோப்புகளை மறுபடி போட்டுக் கொடுத்தாள். மறுநாள் படங்களைத் தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, நெம்மேலியில் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தோம்.