கயிற்றை விடாத கேபிள்

போன வாரம் கரையில் எங்கள் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மூழ்குகிறவர்களின் காற்றைக் கண்காணிக்கும் டேப்லெட் கம்ப்யூட்டர் விற்கிற ஒருவர் வந்து நின்றார்.

"மேடம், இது உயிர் விஷயம். வீட்டுல உக்காந்து புரோகிராம் எழுதி விளையாடாதீங்க. உங்க பெட்டிக்கு யார் கேரண்டி?"

விளையாட்டா?

அந்தோணி கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். படகில் ஓடும் கம்ப்ரசர் டாங்கியிலிருந்து குழாய் வழியாகத்தான் அவனுக்கு மூச்சு. அழுத்தம் இறங்கினால் மேலே இருப்பவருக்கு உடனே தெரிய வேண்டும். இன்ஜின் சத்தத்தில் மணி கேட்காது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் தெரியும்.

மேலே இருப்பவர் சூசையண்ணன், அந்தோணியின் மச்சான். எங்கள் கரையில், மூழ்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள். தங்கச்சி தாலியை நினைக்கிறவன் கயிற்றை விடுவானா?

எங்கள் பெட்டி இவ்வளவுதான்: ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், டாங்கி அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார், போனோடு இணைக்க ஒரு யுஎஸ்பி கேபிள். "நான் உன் துணைக்கருவி" என்று கம்ப்யூட்டர் போனிடம் சொல்ல வேண்டும். சொன்ன மறுநொடியே போன் இணைப்பை அறுத்துக்கொள்ளும்... என் புரோகிராமும் மூடிக்கொள்ளும். கேபிள்தான் கோளாறு என்று மூன்று கேபிளைக் குப்பையில் எறிந்தேன். போனைத் திட்டினேன்.

சூசையண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏளா, போன போனு திரும்ப வராதா?"

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். வந்திருந்தது — வேறு அடையாள எண்ணோடு! துணைக்கருவியோடு பேச அது அப்படித்தான் மாறி வரும். விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. தப்பு என்னுடையது.

"பொறவு ஏன் ஒம் மெசினு அதுக்கு முன்னாலயே ஓடிப்போவுது? கயிறு தளந்தா நாங்க விட்டுட்டா போறோம்? பிடிச்சிட்டு நிப்போம்லா!"

புரோகிராமில் நாலைந்து வரிதான் சேர்த்தேன். காத்திரு, புது எண்ணைத் தேடு, பிடி. வேண்டுமென்றே டாங்கியைத் திறந்து காற்றை வெளியேற்றினேன். சட்டைப்பையில் போன் அதிர, சூசையண்ணன் துள்ளினார். "எம்மா! நண்டு கடிச்சாப்லல்லா இருக்கு!"

அந்த நேரத்தில்தான் டேப்லெட்காரர் வந்து அப்படிக் கேட்டார்.

"உங்க டேப்லெட் சிக்னல் இல்லாம ஓடுமா?" என்று கேட்டேன்.

"நெட் வேணும் மேடம். பிரச்னைன்னா கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணலாம்."

நடுக்கடலிலிருந்தா? மூச்சில்லாமல் ஒருவன் கீழே கிடக்கும்போதா?

அவர் விடவில்லை. "சரி, இதுக்கு யார் கேரண்டின்னு சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் சூசையண்ணன் எழுந்தார். "ஏலே, கீழ போறவன் எந் தங்கச்சி மாப்பிள்ள. கேரண்டி நாந்தாம்லே."

டேப்லெட் பைக்குள் போனது.

இப்போது அண்ணன் பையில் போன் இருக்கிறது. கயிறும் கையில்தான் இருக்கிறது. இருக்கட்டும்... என் பெட்டி அவருக்கு வெறும் துணைதான்!