வரிசையில் நின்ற அண்ணன்

சமையலக்கா எங்கள் விடுதிக்கு வேலை கேட்டு வந்த அன்று சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாப்பிட வருவாங்க?" என்றுதான் கேட்டார்.

"நூத்தியிருபது பேர் வருவாங்க. மழைன்னா இன்னும் கூடும்," என்றேன்.

"எல்லாம் தெரிஞ்ச முகமா, புதுசு புதுசா வருவாங்களா?"

வேலைக்குப் பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அது வேறு பயம் என்று எனக்குத் தெரியவர மூன்று வருடம் ஆயிற்று.

விடுதி என்பது தேவாலயத்தின் பின்பக்கம் இருக்கும் பழைய அச்சுக்கூடம். இயந்திரங்களை எடுத்துவிட்டு நாற்பது இரும்புக் கட்டில் போட்டிருக்கிறோம். வீடில்லாத ஆண்கள் தங்கலாம். மதியம் பன்னிரண்டு மணிக்கு யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. ஜெபத்துக்கு வந்தால்தான் தட்டு என்கிற பேச்செல்லாம் கிடையாது. குடியை விட நினைப்பவர்களுக்கு மேல்மாடியில் ஆறு மாத மறுவாழ்வுத் திட்டம். நான் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறவன். எல்லோருக்கும் நான் 'நோட்டுக்காரர்.' அதற்கு முன் நானும் அதே வரிசையில் தட்டோடு நின்றவன்தான். குடியை விட்டு ஐந்து வருடமாகிறது.

பரிமாற வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அக்கா கரண்டியை யார் கையிலும் கொடுக்கமாட்டார். ஊற்றும்போது தட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பார். அதனால் சூப் அடிக்கடி ஆட்களின் கட்டைவிரலில் விழும். "என் விரலுக்கும் பசிக்குதுன்னு யாருக்கா சொன்னது?" என்று ஒருவர் கேட்க, வரிசையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் கண் அடுத்த ஆளின் முகத்துக்குப் போய்விட்டது.

மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, சாம்பல் நிற மழைக்கோட்டு போட்ட ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மார்பு வரை தாடி. பெயர் கேட்டேன், சொன்னார், எழுதிக்கொண்டேன். அவர் முறை வந்தபோது அக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. எங்களிடம் சாப்பிடுகிறவர்களில் அக்கா என்று கூப்பிடாத ஆள் இல்லை. எழுபது வயதுக்காரர்கூட "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்பார். இவர் தலையைத் தூக்காமல் "போதும்" என்று மட்டும் சொன்னார். கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து அவசரமாகக் குடித்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு என் மேஜைக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, இப்போ போனாரே, அவர் என்ன பேர் சொன்னார்?"

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். அக்கா அந்த வரியை விரலால் தொட்டார்.

"இது எங்க வீட்டுக்காரர் பேரு. அவர் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு," என்றார். "வந்தது எங்க அண்ணன்."

சாப்பாட்டு நேரம் முடிந்தபின், ஈரம் காயாத தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னார். அண்ணனும் அக்காவின் கணவரும் மச்சான்கள் மட்டுமல்ல, சிநேகிதர்களும்கூட. சேர்ந்து ஒரு சரக்கு வேன் ஓட்டினார்கள். மேஜை, நாற்காலி, பீரோ என்று கடைகளிலிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்கும் வேலை. அண்ணனுக்குக் குடிப் பழக்கம் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் குடித்துவிட்டு அவர்தான் ஓட்டினார். வளைவில் வண்டி கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் அங்கேயே போய்விட்டார். அண்ணனுக்குக் கையில் கட்டு. நீதிமன்றம் உரிமத்தைப் பறித்து ஒன்றரை வருடம் உள்ளே வைத்தது. வெளியே வந்தவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து அக்கா தேடாத இடமில்லை. கடைசியில், தேடிப் போவதைவிடப் பசித்தவர்கள் தேடி வரும் இடத்தில் நிற்கலாம் என்றுதான் எங்களிடம் வேலைக்கு வந்திருக்கிறார்.

"பார்த்தா என்ன செய்யறதா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலை தம்பி. சில நாள் கட்டிப்பிடிச்சு அழணும்னு இருக்கும். சில நாள் செருப்பைக் கழட்டி அடிக்கணும்னு இருக்கும். ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும். எங்க வீட்டுக்காரர் கடைசியா என்ன சொன்னார்னு இந்த உலகத்துல அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும்."

அடுத்த நாள் வந்தால் கையைப் பிடித்து நிறுத்தட்டுமா என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் தெருவில் இருந்தவன். என் தம்பி ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் ஓடிய ஓட்டம் எனக்கு நினைவிருந்தது. "கூப்பிடாதீங்க அக்கா. கூப்பிட்டா ஓடிருவார். நாலு நாள் வந்து போகட்டும், இடம் பழகட்டும்," என்றேன்.

அக்கா என் பேச்சைக் கேட்டார். மூன்று வாரம் கேட்டார். அந்த மூன்று வாரமும் பதினொரு மணியானால் அடுப்படியில் ஏதாவது ஒன்று கீழே விழும். ஜன்னல் வழியாக வரிசையை எட்டிப் பார்ப்பார், வந்துவிட்டாரா என்று என்னைக் கண்ணால் கேட்பார். நான் தலையசைத்தால் போய் முகம் கழுவிக்கொள்வார். ஒரு முறை அண்ணன் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். அதற்குள் அக்கா சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார், அன்றைக்கு நூற்று முப்பது பேரும் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பினார்கள். அண்ணனுக்கு ரொட்டிக்கு அடியில் இன்னொரு முட்டையை ஒளித்து வைப்பார். இதைக் கண்டுபிடித்த ஒரு பழைய ஆள், "அந்தத் தட்டுல மட்டும் முட்டை குட்டி போடுதாக்கா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார்.

வரிசை சிரித்தது. அண்ணன் ரொட்டியைத் தூக்கி முட்டையைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா கீழே குனிந்து கொண்டார்.

மறுநாள் அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் வரிசை முடிந்து கதவைச் சாத்தும்போது அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்கதான் கூப்பிடாதேன்னு சொன்னீங்க."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். நல்லெண்ணத்தில் சொன்ன யோசனை ஒரு ஆளைக் கொன்றுவிடுமோ என்று பயந்தேன். கடைசி இரண்டு நாள் அண்ணன் வலது காலை இழுத்து நடந்ததை நான் பார்த்திருந்தேன். கேட்கவில்லை.

பாஸ்டரிடம் ஓடினேன். விடுதியை நடத்துபவர் அவர். அதிகம் பேசமாட்டார். வேன் சாவியை எடுத்துக்கொண்டு, "எங்கெங்க படுப்பாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்? வழி சொல்லுங்க," என்றார். அக்கா ஒரு பிளாஸ்கில் சூப் ஊற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். வழியெல்லாம் அதை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பார்சல் ஆபீஸ் கொட்டகை, மேம்பாலத்தின் அடி, மருத்துவமனையின் புறநோயாளிகள் வராந்தா என்று நான் ஒரு காலத்தில் தூங்கிய இடங்களையெல்லாம் காட்டினேன். ஒவ்வொரு இடத்திலும் போர்த்திப் படுத்திருப்பவர்களின் போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா பார்க்கமாட்டார். நான் பார்த்து, இல்லை என்று சொல்லும் வரை முதுகைக் காட்டி நிற்பார். பாலத்தடியில் ஒருவர் அசையாமல் கிடந்தார், அதே சாம்பல் நிறக் கோட்டு. குனிந்து போர்வையை விலக்கினேன். வேறு ஆள், உயிரோடுதான் இருந்தார். எழுப்பியதற்கு நன்றாகத் திட்டினார். அந்தத் திட்டு எங்களுக்கு ஆசீர்வாதம் போல் இருந்தது.

மூன்று மணிவாக்கில், மூடிக் கிடந்த ஒரு டயர் கடையின் பின்புறம் அவரைக் கண்டுபிடித்தோம். பழைய டயர்களுக்கு நடுவில் அட்டை விரித்துக் கிடந்தார். காய்ச்சல். வலது பாதம் செருப்புக்குள் நுழையாத அளவு வீங்கிக் கறுத்திருந்தது. அக்காவைக் கண்டதும் எழுந்து ஓடத்தான் பார்த்தார். கால் ஊன்ற முடியாமல் டயர் மேலேயே விழுந்தார்.

அக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"என்னைத் தெரிஞ்சுபோச்சா பாப்பா?" என்றார் அண்ணன்.

"மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா சாப்பாடு போட்டே?"

"வரிசையில நின்னே. போட்டேன்." அக்காவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவர் பேரை ஏன் சொன்னே?"

"கூப்பிடுறப்பவாவது அவன் உயிரோட இருக்கற மாதிரி இருக்கும்னு."

நானும் பாஸ்டரும் தள்ளி நின்றோம். அக்கா கேட்டார்: "அவர் கடைசியா என்ன சொன்னார்ண்ணா?"

அண்ணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "நேரம் ஆயிடுச்சுன்னு நீ திட்டுவேன்னு பேசிக்கிட்டு வந்தோம். 'உன் தங்கச்சிகிட்ட நீ வாயைத் திறக்காத, பஞ்சர்னு நான் சொல்லிக்கறேன்'னான். அவ்வளவுதான். அடுத்தது வளைவு."

அக்காவிடமிருந்து வந்தது அழுகையா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. "அந்தப் பஞ்சர் கதைய என்கிட்ட நாலு தடவை சொல்லியிருக்கார்," என்றார். "நாலு தடவையும் நான் நம்பினேன்."

அண்ணன் அவர் காலைத் தொடப் போனார். அக்கா காலை இழுத்துக்கொண்டார். "மன்னிச்சுட்டேன்னு பொய் சொல்லமாட்டேன்ணா. இன்னும் இல்ல. ஆனா நீ இப்படிச் சாகக் கூடாது. சூப்பைக் குடி."

பாஸ்டர் அருகே போய் மண்டியிட்டு, "ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டார். "எனக்கு வேண்டாங்க, இவளுக்குப் பண்ணுங்க," என்றார் அண்ணன். பாஸ்டர் இரண்டே வரியில் முடித்தார். பிறகு, "உதவி வேணுமா? நீங்க உங்க வாயால சொல்லணும். நாங்க யாரையும் தூக்கிட்டுப் போறதில்ல," என்றார். அண்ணன் வெகுநேரம் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேணும்" என்றார்.

மருத்துவமனையில் சீட்டு எழுதியவர் பெயர் கேட்டபோது அண்ணன் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. குடி நின்றதால் வந்த நடுக்கமும் பிதற்றலும் ஐந்து நாள் ஆட்டிவைத்தன. அந்த ஐந்து நாளும் அக்கா சமைத்துவிட்டு நேரே அங்கே போவார். வார்டு வாசலில் யாராவது வேகமாக நடந்து வந்தாலே எழுந்து நின்றுவிடுவார்.

வீட்டிலும் நிம்மதியில்லை. அக்காவுக்கு ஒரே மகள்; அப்பா சாகும்போது பதினொரு வயது, இப்போது இருபது. லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும், "அப்பாவைக் கொன்னவருக்கு மூணு வாரம் முட்டை வச்சியாம்மா?" என்று கேட்டவள், அதன்பின் ஒரு மாதம் அம்மாவிடம் பேசவில்லை. ஒரு பக்கம் அண்ணன் ஓடிவிடுவாரோ என்று, மறுபக்கம் மகள் வீட்டை விட்டுப் போய்விடுவாளோ என்று, அக்கா பாதியாய் இளைத்துப்போனார்.

அண்ணன் ஓடத்தான் செய்தார். மேல்மாடியில் சேர்ந்த ஆறாம் நாள், ஊன்றுகோலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியேறிவிட்டார். இந்தமுறை நாங்கள் தேடிப் போகவில்லை. திட்டத்திலிருந்து தானாக வெளியேறியவரைத் தேடிப் போகக் கூடாது என்பது விதி. அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் எந்த யோசனையும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மதியம் அண்ணன் வரிசையில் கடைசி ஆளாக வந்து நின்றார். சாராய வாடை அடித்தது. கட்டில் வேறொருவருக்குப் போய்விட்டதால், மறுபடி இடம் கிடைக்கப் பதினெட்டு நாள் வராந்தாவில் காத்திருந்தார். அந்தப் பதினெட்டு நாளும் குடிக்கவில்லை.

இப்போது ஏழு மாதமாகிறது. திட்டத்தை முடித்துவிட்டு, மேல்மாடியிலேயே தங்கி அடுப்படியில் காய் நறுக்குகிறார்; வெளியே போய்வர இன்னும் என்னிடம் சீட்டு வாங்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்வார். பாடமாட்டார். எழுந்து போகவும் மாட்டார். "நல்லா இருக்கறப்பதான் தம்பி பயம் ஜாஸ்தியா இருக்கு," என்கிறார் அக்கா. அண்ணன் கை கழுவப் போய் ஐந்து நிமிடம் ஆனாலும் அக்கா இன்னும் ஜன்னலைத்தான் பார்க்கிறார்.

போன வியாழக்கிழமை சாப்பாடு முடிந்த நேரம், கையில் புத்தகப் பையோடு ஒரு பெண் என் மேஜைக்கு முன் வந்து நின்றாள். முகச்சாயலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அவர் உள்ள இருக்காரா?"

"இருக்கார்மா. கூப்பிடவா?"

"வேண்டாம்." வாசல் பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பினாள். பிறகு எழுந்து, "அப்பா கடைசியா சொன்னதை அம்மா சொல்லிட்டாங்க. அதை அவர் வாயால கேட்கணும். இன்னைக்கு முடியலை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அக்காவிடம் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அழுதாளா? கோவமா இருந்தாளா? மறுபடி வரேன்னாளா?"

"சொல்லலைக்கா. வரமாட்டேன்னும் சொல்லலை."

"அண்ணன்கிட்ட சொன்னா பயந்து ஓடிருவாரோ தம்பி?"

"இதை என்கிட்ட கேட்காதீங்கக்கா," என்றேன்.

அவரே போய்ச் சொன்னார். கேரட் சீவிக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றது. கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்போ வருவா?"

"தெரியலைண்ணா."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, நொண்டியபடி என் மேஜைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து, சனிக்கிழமை வெளியே போய்வர வாங்கியிருந்த அனுமதிச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது வேண்டாங்க," என்றார். "நான் இங்கேயே இருக்கேன்."