பழங்கள் கீறிய கொர்னேலியா மாமி

நாப்போலியிலிருந்து வரும் காலைக் கப்பலுக்காகப் பலேர்மோ துறைமுகத்தில் காத்து நின்றபோதுதான் செய்தி வந்தது. ஜெர்மனியிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு அந்தக் கப்பலில் வந்துகொண்டிருந்தான். கப்பல் கரையோடு ஒட்டிவிட்டது. வாகனங்கள் இன்னும் இறங்கத் தொடங்கவில்லை. மகள் துளசி தொலைபேசியில் அழைத்தாள். மேல் வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டு போயிருந்தவள் அவள்.

“அம்மா, கொர்னேலியா மாமி போயிட்டா. கதிரையிலை இருந்தபடியே. நித்திரை எண்டுதான் முதல் நினைச்சனான்.”

“தனியவோ நிக்கிறாய்?”

“இல்லை, கீழ் வீட்டுக்காரர் வந்திட்டார். டொக்டருக்குச் சொல்லியாச்சு.”

“மாமியைத் தனிய விட்டிட்டு வராதை. நான் வாறன்.”

தம்பியின் கார் கப்பலின் வாயிலிருந்து வெளியே வந்தது. பின் இருக்கையிலிருந்து பிள்ளைகள் கை காட்டினார்கள். எனக்குக் கை உயரவில்லை.

பலேர்மோவின் ஒரேத்தோப் பகுதியில், எங்கள் கட்டடத்தில் வாழ்ந்தவர்கள் எல்லோருக்கும் மாமியைத் தெரியும். படிக்கட்டில் ஓவியச் சாயம் கரைக்கும் டர்பன்டைன் மணத்தது என்றால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று பொருள். நம்மவர் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிப்போமே, அப்படியே இவருக்கும் அடிக்கவேண்டும் என்று கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் முடிவு செய்தன. ஒல்லாந்துக்காரிக்கு ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரோடு ஒல்லாந்துக்குப் போய் வந்தவள் நான் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். மாமி என்னோடு இத்தாலியனில்தான் கதைப்பார். ஆனால் என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் சந்தித்தது ஒரு பலாப்பழத்தால். துளசியின் பிறந்தநாளுக்கென்று தமிழ்க் கடையில் வாங்கிய பழத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். மேலேயிருந்து இறங்கி வந்த உயரமான வெள்ளைக்காரப் பெண் வழியை மறித்து நின்றார்.

“இது பழமோ?”

“ஓம், சிஞ்ஞோரா.”

“எனக்கு இதைக் கொஞ்ச நாளைக்கு இரவல் தாரும்.”

“பழத்தை எப்பிடி இரவல் தாறது? பழுத்துப் போகுமே.”

“பழுக்கட்டும். அதைத்தான் நான் பாக்க வேணும்.”

ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பலா பழுக்கப் பழுக்க அதன் வாசம் மாடி மாடியாக இறங்கியது. கீழ் வீட்டுக்காரர் காஸ் கசிகிறது என்று பயந்து ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் ஒவ்வொரு கதவாகத் தட்டி, கடைசியில் மாமியின் சமையலறையில் போய் நின்றார். நான் ஓடிப்போய், கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு பழத்தை வெட்டினேன். காஸ்காரருக்கும் சுளை கொடுத்தோம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாமி மட்டும் வெட்டிய பாதியைப் பார்த்துத் தூரிகையால் கீறிக்கொண்டே இருந்தார்.

“பழம் ஒரு நாளும் சும்மா இருக்கிறேல்லை, செல்வி. நாங்கள்தான் அது சும்மா இருக்குதெண்டு நினைக்கிறம்” என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஒன்று இருப்பதாக அன்று அவருக்குச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அங்கை பழம் ஏதும் கீறினவையோ?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். “அப்ப அவை வேறை ஆக்கள்” என்று சொல்லி மறுபடி தூரிகையை எடுத்தார்.

அந்த வீட்டில் சமைப்பவர் அவருடைய கணவர் சல்வத்தோரே மாமா. நாப்போலிக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. கப்பலால் இறங்கி வந்த உடுப்போடு மீனும் பெருஞ்சீரகத் தழையும் போட்டுப் பாஸ்தா கிண்டுவார். சமையலறை மேசையில் ஜன்னல் பக்க மூலை மாமிக்குரியது. அங்கே ஒரு கள்ளிப்பழமோ அழுகத் தொடங்கிய எலுமிச்சையோ இருக்கும். துளசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை எடுக்கப் போனால் மாமா கையைப் பிடித்துக்கொள்வார். “அதைத் தொடாதை குஞ்சு, அது இப்ப வேலையிலை நிக்குது.” பக்கத்துத் தட்டில் அவளுக்கென்று இன்னொரு பழம் உரித்து வைத்திருப்பார்.

மாமா இருதயத்தால் போனார். அதன் பிறகு மாமி எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிக்கொண்டார். உறைப்பு மட்டும் கடைசிவரை பிடிக்கவில்லை.

அடுத்து நினைவில் நிற்பது ஆனெக்க என்ற ஒல்லாந்துப் பெண் வந்த நாள். சாமான்களோடு வேலையால் வந்தேன். கட்டட வாசலில், அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தபடி ஒரு பெண் நின்றாள். முதுகில் பை. ஒல்லாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களை ஆராய்பவளாம். தட்டுத் தடுமாறிய இத்தாலியனில், கொர்னேலியா என்ற ஓவியரை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

“அவ மீன் வாங்கப் போயிட்டா. இப்ப வந்திடுவா” என்றேன்.

அந்தப் பெண் படியிலேயே இருந்துவிட்டாள். சற்று நேரத்தில் மாமி மத்தி மீன் பொட்டலத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். “கல்லறையைக் காட்ட ஏலாது. கோப்பி தரலாம். வாரும்” என்று சொல்லி முன்னால் படியேறினார்.

அருங்காட்சியகத்தின் பின்னறையைத் துப்புரவாக்கியபோது ஓர் ஓவியம் கிடைத்திருக்கிறது. ஈயத் தட்டில் பேரிக்காய்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வியந்தார்களாம். பின்பக்கத்தில் பெயர் இருந்தது. ஆளைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. இளவயதில் மூன்று ஓவியங்கள் மட்டும் கீறிவிட்டுக் காணாமற்போனவர், இறந்திருப்பார் என்று எழுதி வைத்திருந்தார்கள். பழைய கலியாணப் பதிவு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆனெக்க பலேர்மோவரை வந்திருக்கிறாள். ஆனெக்க மாமியின் சமையலறைக்குள் வந்து சுவர்களைப் பார்த்தாள். நடையில் அடுக்கியிருந்தவற்றையும் அலுமாரிக்குப் பின்னால் இருந்தவற்றையும் பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தொலைந்துபோன ஓவியர் கண்டுபிடிக்கப்பட்டார் என்று ஒல்லாந்துப் பத்திரிகைகள் எழுதின. அதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு மாமி, “நான் துலையேல்லை. இஞ்சைதான் இருந்தனான். மணியிலை பேரும் இருந்தது” என்றார். கோபம் இல்லை, ஒரு தகவலைத் திருத்துவதைப் போல.

ஆனெக்க ஒல்லாந்தில் ஒழுங்குசெய்த அவருடைய ஓவியக் கண்காட்சிக்குப் போக நாள் வந்தபோது அவருடைய கால்கள் தளர்ந்திருந்தன. என்னைக் கூட வரச் சொன்னார். கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் வீட்டில் விடுப்புக் கேட்டுக்கொண்டு போனேன். ரயில் நிலையத்தில் இறங்கியதும் சுவர் உயர விளம்பரத்தில் அந்தப் பேரிக்காய்கள். தேநீர்க் கடைக் கண்ணாடியிலும் துணிப்பைகளிலும் அதே படம். நான் எண்ணிச் சந்தோஷப்பட்டேன். மாமி ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

திறப்பு விழா பின்னேரம். காலையில் ஆனெக்க எங்களைத் தனியே மண்டபத்துக்குள் கூட்டிப்போனாள். எங்கள் பலாப்பழம் ஒரு வெள்ளைச் சுவரில் தனியாக, வெளிச்சத்தில் இருந்தது. அதன் முன்னால் நின்று துளசிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால் மாமி வாசலிலேயே நின்றார். அங்கே பேரிக்காய் ஓவியம். பக்கத்தில் சுவரில் பெரிய எழுத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. அவர் தன் கைப்பையை என்னிடம் நீட்டினார்.

“இதைப் பிடியும். நான் வடிவாய் வாசிக்க வேணும்.”

“என்ன மாமி எழுதியிருக்கு?”

சிசிலியக் கப்பல்காரன் ஒருவனைக் கட்டியதும், தெற்கத்திச் சமையலறை ஒன்று இந்தப் பெரிய திறமையை விழுங்கிவிட்டது. நீண்ட காலம் இவர் தூரிகையைத் தொடவே விடப்படவில்லை. அப்படி எழுதியிருந்தது.

“செல்வி, அந்தச் சமையலறையிலை நான் ஒரு நாளாவது சமைச்சு நீர் கண்டனீரோ?”

“இல்லை மாமி.”

ஆனெக்கவைக் கூப்பிட்டு அவர் சொன்னதை, பிறகு எனக்கும் சொன்னார். ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது மாரி காலத்தில் அந்தப் பேரிக்காய்களைக் கீறியிருக்கிறார். பழம் கிடைக்காத காலம். ஆசிரியர் மெழுகில் செய்த பேரிக்காய்களைக் கொண்டுவந்து வைத்தார். கடித்துச் சாப்பிடலாம் போல இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். இன்னும் வேண்டும் என்றார்கள். அதே மெழுகை வைத்து இன்னும் இரண்டு கீறினார். அதன் பிறகு உண்மையான பழத்தைப் பார்க்கவே வெட்கமாகிவிட்டது. விட்டுவிட்டுத் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போனார். அங்கேதான் சல்வத்தோரே மாமாவைக் கண்டது.

“கலியாணம் கட்ட முந்தியே நான் விட்டிட்டன். பலேர்மோவுக்கு வந்தும் கன வருசம் தொடேல்லை. ஒருநாள் அவர் சந்தையிலை இருந்து மாதுளம்பழம் கொண்டு வந்தவர். வழியிலை வெடிச்சு, உடுப்பெல்லாம் சாறு. மேசையிலை வைச்சிட்டு, ‘எறியப் போறன், அதுக்கு முந்தி ஒருக்காப் பார்’ எண்டார். நான் பாத்துக்கொண்டே இருந்தனான். அடுத்த முறை நாப்போலியாலை வரேக்கை சாயம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் கேக்கேல்லை.”

ஆனெக்க நிலத்தில் இருந்துவிட்டாள். ஊரெங்கும் ஒட்டியிருப்பது அந்த மெழுகைத்தான். பாவம், அந்தப் பிள்ளை மாமிக்காக எத்தனை பேரோடு மல்லுக்கட்டியவள். “சுவரை மாற்றி எழுதுகிறேன். இன்றைக்கே முடியாது” என்றாள்.

“அப்ப இண்டைக்கு நான் வாயாலை சொல்லுறன்” என்றார் மாமி.

மதியம் தேநீர்க் கடையில் இருந்து நான் அவரோடு வாதாடினேன்.

“மாமி, சுவரிலை உள்ளதை ஆர் வாசிக்கப் போகினம்? மாமாவும் இல்லை. உங்களுக்கு இப்பதான் ஒரு காலம் வந்திருக்கு. அதை நீங்களே பழுதாக்கப் போறியளோ?”

“அவர் இல்லை. அதாலைதான் நான் சொல்ல வேணும்.”

எனக்குக் கோபம் வந்தது. இத்தாலியில் இருப்பதற்கான காகிதங்களுக்காக எத்தனை மேசைகளின் முன் நின்றிருப்போம். எதிரே இருப்பவருக்கு விளங்கக்கூடிய சின்னக் கதை ஒன்று தேவை. அது நம்முடைய கதைக்குக் கிட்டவாக இருந்தால் தலையாட்டிவிட்டு, முத்திரை குத்திய தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். இவர் ஏன் தலையாட்டக்கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. இதையே அவரிடமும் சொன்னேன்.

மாமி என் கையைப் பிடித்தார். “நீங்கள் வாழுறதுக்காகத் தலையாட்டினியள். எனக்கு இனி என்ன வேணும்?”

பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. மாமி கதிரையில் இருந்தபடியே பேசினார். ஆனெக்க என் காதுக்குள் இத்தாலியனில் சொல்லிக்கொண்டிருந்தாள். “என்னைப் பற்றிச் சுவரில் எழுதியிருக்கிறது. அப்படி இல்லை” என்று தொடங்கினார். மெழுகைச் சொன்னார். மாதுளையைச் சொன்னார். கணவரின் முழுப் பெயரையும் சொன்னார். யாரோ சிரித்தார்கள். பேசி முடித்ததும் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். அடுத்த நகரத்துக்குக் கண்காட்சியைக் கொண்டுபோக வந்திருந்தவர் இரவு விருந்துக்கு நிற்கவில்லை. அந்த நகரம் பிறகு கைவிட்டும் போனது. ஒரு பத்திரிகை மெழுகைப் பற்றிக் கேலி எழுதியது. அந்த மாதுளம்பழத்தின் முன்னால் மட்டும் ஆட்கள் விலகாமல் நின்றதை நான் கண்டேன்.

பேரிக்காய் ஓவியத்தை இறக்கிவிடவா என்று ஆனெக்க கேட்டாள். “இருக்கட்டும். பொய்யெண்டாலும் நான் கீறினதுதானே” என்றார் மாமி.

நாங்கள் திரும்பி வந்த சில நாட்களில் ஆனெக்க புதிய சுவர்க் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினாள். மாமி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“சல்வத்தோரேயின்ரை பேரிலை ஒரு எழுத்துப் பிழை.”

“திருத்தச் சொல்லுவமோ?”

“வேண்டாம். அவரும் பிழையாய்த்தான் எழுதுறவர்” என்று சொல்லிக் கண் கலங்கச் சிரித்தார்.

இப்போது மாமாவின் பக்கத்தில் அவரையும் வைத்துவிட்டோம். ஆனெக்க வந்து எங்கள் பெண்களோடு நின்றாள்.

மாமி தன் ஓவியங்களை ஒல்லாந்துக்கு எழுதி வைத்துவிட்டார், அது சரியும்கூட. எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு சொல். சென்ற கிழமை மொண்டெல்லோவில், நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா தன் விருந்தாளிகளுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். நல்ல மனுஷி. என் தோளில் கை வைத்து, “பாவம், படகிலே கடலைக் கடந்து வந்தவள், கையில் ஒன்றுமில்லாமல்” என்றார். பல வருடங்களாக அவர் சொல்லிவரும் கதை. நானும் பல வருடங்களாகக் கோப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அன்றைக்குப் போகவில்லை.

“அப்படி இல்லை, சிஞ்ஞோரா” என்றேன். “நான் விமானத்திலே வந்தேன். புதுச் சப்பாத்து, காலைக் கடித்தது. பெட்டி நிறையச் சேலை. எனக்கு நீந்தவும் தெரியாது.”

சிஞ்ஞோராவின் முகம் சிவந்தது. விருந்தாளிகளில் ஒரு முதிய பெண் பக்கத்துக் கதிரையை எனக்காக இழுத்துப் போட்டார்.

“அப்படியானால் இங்கே எப்படித்தான் வந்து சேர்ந்தாய்? சொல்லு” என்றார்.

நான் இருந்து சொல்லத் தொடங்கினேன்.