ஏழாம் கட்டிலுக்கு வந்த கேள்வி

பேய், பில்லி, சூனியம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. விதிமுறையில்தான் நம்பிக்கை. அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்கலாம், ஆட்சேபணை இல்லை.

எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தேன். சர்க்கரை நோயாளிக்கு எத்தனை யூனிட் இன்சுலின் போடலாம் என்று கம்ப்யூட்டர் யோசனை சொல்லும், டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், நர்ஸ் ஊசி போடுவார். கம்ப்யூட்டருக்கு ஏ.சி., நோயாளிகளுக்கு மின்விசிறி. கட்டில் நம்பர், ரத்தச் சர்க்கரை, முந்தைய ஊசியின் அளவு, இவ்வளவுதான் அது கேட்கும். நோயாளி சாப்பிட்டாரா என்பதற்கு நானே ஒரு விதி எழுதியிருந்தேன்: தட்டு காலியானால் சாப்பிட்டதாகக் கொள்ளவும். டாக்டர் பாராட்டக்கூடச் செய்தார்.

ஏழாம் கட்டிலில் பேச்சியம்மாள், கொட்டாம்பட்டிப் பக்கம். மகளுக்குப் பிரசவ நேரம். அன்று ஆடி வெள்ளி. மதியச் சாப்பாட்டுக்கு முன் எடுத்த ரத்தத்தின் சர்க்கரை அளவைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். யூனிட் வர வேண்டிய இடத்தில், நம்பினால் நம்புங்கள், ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது: அவள் சாப்பிட்டாளா?

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டார். "என்ன சார், உங்க பெட்டி மாமியார் மாதிரி விசாரிக்குது?"

"கேள்வி கேக்க அதுக்கு அதிகாரம் இல்லம்மா. பதில் சொல்லத்தான் வச்சிருக்கோம்" என்றேன். கோளாறு வந்தால் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்பது விதி. போட்டேன். ஒழுங்காக யூனிட் கணக்கு வந்தது. வார்டு அடுத்த அறைதான். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஊசி போட்டார்கள். அப்புறம் அந்த அம்மா முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்ததைத் தூக்கம் என்றே எல்லோரும் நினைத்தோம். காப்பி நேரத்தில் எழுப்பினால் எழவில்லை, உடம்பெல்லாம் வேர்வை. குளுக்கோஸ் ஏற்ற ஓடினார்கள். பக்கத்துக் கட்டில் பெண் அழுதாள்.

"மக பிரசவத்துக்கு வெரதம்யா அது. காலையில இட்லி, மத்தியானச் சோறு அம்புட்டையும் என் தட்டுல தள்ளிருச்சு. ஊசி போடுறவுககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்குச்சுய்யா."

இரண்டு வேளையும் அவர் தட்டு காலி. உயிர் பிழைத்தார், நினைவு முழுசாகத் திரும்பவில்லை. மகள் கைக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தபோது, "இது யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போகவில்லை.

விசாரணையில் என்மேல் குற்றமில்லை என்றார்கள். விதிப்படி நடந்திருந்தேனாம். விதி என்னுடையது. புரோகிராம் எழுதியவர் மெட்ராஸிலிருந்து வந்து வரிவரியாகத் தேடினார். "சாப்பாடுங்கிற பேச்சே இதுல கிடையாது சார். கட்டில்ல இருக்கிறது ஆணா பெண்ணான்னுகூட இதுக்குத் தெரியாது."

எதிரே வருகிற யாரையும் "சாப்டாச்சா?" என்று கேட்காமல் விடாத ஊர் இது. அந்த ஆடி வெள்ளி காலை தல்லாகுளம் பஸ்ஸில் கண்டக்டரைக்கூடக் கேட்டேன். பேச்சியம்மாளை விசாரித்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.