போர்வைக்குள் ஒருவர்

மாமா கல்லூரியில் தத்துவம் எடுத்துப் படித்தார். அதைப் படித்தால் வேலை கிடைக்காது என்று மர்பி டவுனில் எங்கள் தெருவே அவருக்குச் சொல்லியாகிவிட்டது. வீட்டில் அவர் பேச்சைக் கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்கு ஆறு வயது. தப்பித்து ஓடத் தெரியாது.

பழைய கிரேக்கர்களின் புதிர் ஒன்றை அவர் விளையாட்டாக்கி வைத்திருந்தார். வீட்டில் ஒருவரைத் தலைமுதல் கால்வரை போர்வையால் மூடி உட்கார வைப்பார். "இது யாருன்னு தெரியுமா?" என்பார். "தெரியாது" என்றால் போர்வையை இழுப்பார். உள்ளே அப்பா இருப்பார்.

"பெத்த அப்பனையே தெரியாதுன்னுட்டியேடி. அப்ப உனக்கு அப்பாவத் தெரியுமா, தெரியாதா?"

நான் அழுவேன். அப்பா சிரிப்பார்.

சீக்கிரமே எனக்கு ஒரு முறை பிடிபட்டது. தெரிந்தவர்களை எல்லாம் மனதில் வரிசையாக நிறுத்துவேன். கண்ணெதிரே இருப்பவர், வெளியே போனவர், குரல் கேட்பவர் என்று கழித்துக்கொண்டே வருவேன். மிஞ்சுபவர்தான் போர்வைக்குள். அதன்பின் நான் தோற்றதில்லை. தோற்கவும் கூடாது என்றிருந்தேன். இன்று மென்பொருளில் பிழை தேடும்போதும் அதையேதான் செய்கிறேன், சம்பளத்துக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மழைக்கு முந்திய இருட்டு. கரண்ட் போயிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நான் திரும்பியபோது, நடு அறையில் பாயின்மேல் போர்வை உட்கார்ந்திருந்தது. மாமா பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

கழித்தேன். மாமா எதிரே. அப்பாவுக்கு ஞாயிறும் டூட்டி. அம்மா சமையலறையில், பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அத்தையிடமிருந்துதான் வருகிறேன். யாரும் மிஞ்சவில்லை.

"உள்ள ஆளே இல்ல. தலகாணி வெச்சிருக்க."

போர்வை மூச்சு விட்டது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்ல வெளியே வந்தது.

மறுபடி கழித்தேன். விடை மாறவில்லை. கணக்கில் இல்லாத ஒருவர் எங்கள் பாயில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பாரு பாப்பா," என்றார் மாமா. ஒருநாளும் அவர் தொட விட்டதில்லை.

கையை நீட்டினேன். துணிக்குள்ளிருந்து இன்னொரு கை அதைப் பிடித்துக்கொண்டது. சூடான கை. துணியோடு சேர்த்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது. சமையலறையில் சத்தம் நின்றுபோயிருந்தது.

அது யாரென்று, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மாமா சொன்னார். என்னைப் பெற்றவர். அம்மாவின் தங்கை. பிள்ளையில்லாத அக்காவுக்கு என்னைப் பிறந்த மாதமே கொடுத்தவர். பெண் பெரியவளாகும்வரை அவள் கண்ணில் படக்கூடாது என்று அம்மா அப்போது நிபந்தனை வைத்திருக்கிறார். பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய ஒக்கலிபுரத்தில் இருந்தும் அவர் வந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் குடும்பத்தோடு வேறு ஊருக்கு ரயில் ஏறவேண்டும்; அதற்குமுன் ஒரு தடவை என்னைத் தொட்டுவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். "கண்ணுல படக்கூடாதுன்னுதானே சொன்ன? சின்னக்கா படாம வரும்," என்று மாமா அம்மாவிடம் வாதாடி ஜெயித்திருக்கிறார். தத்துவப் படிப்பால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

"இவங்கள உனக்குத் தெரியுமா?" என்று அன்று போர்வையைக் காட்டி மாமா கேட்டார். அம்மா சமையலறை நிலையைப் பிடித்தபடி வந்து நின்றிருந்தார்.

நான் யோசித்துச் சொன்னேன். "எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் வேற வேற எடத்துல இருக்காங்க. அதனால இவங்க எனக்குத் தெரியாதவங்க."

பிடித்திருந்த கை என்னை விட்டது.

விடை சரியா என்று பார்த்தாக வேண்டும். "எடு மாமா," என்றேன். அவர் அசையவில்லை. நானே போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். அம்மா ஓரடி முன்னால் வந்தார். மாமா தடுக்கவில்லை. திறந்துபோகட்டும் என்றுதான் அவர் நின்றதாக இப்போது தோன்றுகிறது.

ஆனால் போர்வை வரவில்லை. உள்ளிருந்து இரண்டு கைகள் அதை இழுத்துப் பிடித்திருந்தன. நான் காலை ஊன்றி இழுத்தேன். அந்தக் கைகள் இளகவில்லை.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினார். என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது பாய் மட்டும் கிடந்தது.

"நீதான் ஜெயிச்ச," என்றார் மாமா. திறந்து காட்டாமல் எப்படி ஜெயித்ததாகும் என்று சாயங்காலம்வரை அவரோடு சண்டை போட்டேன். உள்ளே இருந்தது யாராக இருந்தாலும் அழுகுணி ஆட்டக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோற்கப் பயப்படுகிறவர்கள்தான் போர்வையை அப்படிப் பிடித்துக்கொள்வார்கள்.