ஓ நெகற்றிவ் தியாகலிங்கம்

கிளினிக் கொப்பி கைக்கு வந்ததும் தியாகலிங்கம் முற்றத்துக்கு இறங்கிவிடுவார். வெயிலில் நின்று, இரத்த வகை எழுதியிருக்கும் பக்கத்தைப் பிரித்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பிறகு அதே தாளைப் பின்பக்கமாகவும் திருப்பிப் பார்ப்பார். அழித்து எழுதியிருக்கிறதா, எழுத்தின் மேல் எழுத்து ஓடியிருக்கிறதா என்று பார்க்கிறாராம். பதினெட்டு வருடமாகக் கணக்குக் கொப்பி திருத்துகிறேன். பார்த்தெழுதும் பிள்ளையின் கொப்பியைக்கூட நான் இவ்வளவு அவநம்பிக்கையோடு பார்த்ததில்லை.

"ஓ நெகற்றிவ் எண்டு ஆரும் எழுதலாம் மாஸ்டர்," என்றார். "பேனை எல்லாற்றை பொக்கற்றிலயும் கிடக்கு."

அவர் கையில் இருந்தது என் தங்கை பிரதீபாவின் கொப்பி. ஏழாவது மாதம். இரண்டாவது பிள்ளை. முதல் பேற்றில் அவளுக்கு இரத்தம் கொஞ்சம் கூடவே போனது என்பதால், இந்த முறை கிளினிக் டொக்டர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்: பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும். தியாகலிங்கம் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

பொலிகண்டிக் கடற்கரையில் இவரைத் தெரியாதவர்கள் இல்லை. வயது ஐம்பத்திரண்டு. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகு ஒன்று, மூன்று பிள்ளைகள், இரண்டு தொலைபேசிகள். ஒரு கொம்பனியை மட்டும் நம்பக்கூடாது என்பதால்தான் இரண்டு. கோயில் இரத்ததான முகாமில் தற்செயலாகத்தான் தன் இரத்தம் ஓ நெகற்றிவ் என்று தெரியவந்ததாம். அதையும் நம்பாமல் வேறு இரண்டு இடங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்த வகை இரத்தம் உள்ளவர்கள் குறைவு. அவர்களுக்கு அதே வகையைத்தான் ஏற்றலாம். ஆகவே வடமராட்சியில் எந்தக் கர்ப்பிணியின் கொப்பியில் அந்தச் சொல் விழுந்தாலும், அடுத்த கிழமையே அந்த வீட்டில் இவருடைய இரண்டு இலக்கங்களும் சுவரில் ஏறிவிடும்.

வானொலியில் காற்றில்லை என்று சொன்னால் கரைக்குப் போய்க் காற்றைப் பார்ப்பார். காற்று இருக்கிறது என்று சொன்னாலும் போய்ப் பார்ப்பார். வாங்கிய ஐஸ் கட்டியை உடைத்து நடுவே என்ன இருக்கிறது என்று பார்த்ததாகவும் ஒரு கதை உண்டு. "நான் உப்புப் போட்டன் எண்டு சொன்னாலும் தொட்டு நக்கிப் பாத்துத்தான் சாப்பிடுவார்," என்பது மனைவி ஞானாம்பிகையின் புகார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபத்தைக் காணவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. எப்போதும் நீளக்கைச் சட்டைதான் போடுவார். வலது கை மணிக்கட்டில் தெறி, அதாவது பொத்தான், பூட்டி ஒழுங்காக இருக்கும். இடது கை மட்டும் சில காலங்களில் முழங்கைக்கு மேலே மடித்து ஏற்றப்பட்டிருக்கும். கலியாண வீட்டுக்கும் அப்படித்தான் வருவார். ஒருநாள் அதைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். ஞானாம்பிகை சிரிக்கவில்லை.

"ஆரோ ஒரு பிள்ளைக்குப் பேறு நெருங்குது தம்பி. அந்தப் பிள்ளை சுகமா வீட்டை வந்தாத்தான் உந்தக் கை கீழ இறங்கும்."

ஒருவர் ஒருமுறை இரத்தம் கொடுத்தால் அடுத்த நான்கு மாதத்துக்குக் கொடுக்க முடியாது. எடுத்த இரத்தமும் வங்கியில் முப்பத்தைந்து நாள் அளவில்தான் இருக்கும். எனவே பேற்றுக்கு இரண்டு மூன்று கிழமை முன்னதாகப் போய்க் கொடுப்பதுதான் அவர் கணக்கு. ஒரு வீட்டுக்காரருக்காகக் கொடுத்துவிட்டால் நான்கு மாதத்துக்கு வேறு வீட்டுக்காரருக்கு இல்லை என்று சொல்லவேண்டும். அதனால்தான் விசாரணை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வாகனம், அந்த வாகனம் ஒரே உதையில் ஸ்ரார்ட் வருமா, ஆர் கூடப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போவார். பதில் சொல்லும் வாயைப் பார்க்கமாட்டார். பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார்.

"எல்லாரும் பெரியாஸ்பத்திரி எண்டுதான் சொல்லுவினம். கடைசி நேரத்தில எங்க போறினமோ ஆருக்குத் தெரியும்?"

எங்களைப் பற்றியும் அப்படி நினைக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பெரியாஸ்பத்திரிதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு அது உண்மை.

இரண்டு மாதத்தில் அது பொய்யாகிவிட்டது. பிரதீபா கலியாணம் முடித்தது இணுவிலில். கணவனுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் மாமியார் குணலட்சுமியும் அவளும் மூத்த பிள்ளையும்தான். பேற்றுக்குக் குறித்த நாள் கேட்டை நட்சத்திரத்தில் வருகிறது, அது மூத்த பிள்ளைக்கு ஆகாது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். குணலட்சுமி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறை எடுத்து, நல்ல நாள் பார்த்து ஒப்பரேசனுக்கும் நேரம் குறித்துவிட்டார். "தியாகலிங்கத்துக்கு இதைச் சொல்லவேண்டாம், தேவையெண்டால் கூப்பிடலாம்தானே," என்று வீட்டார் என்னிடம் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். படித்தவன் என்று பெயர்.

இரத்தம் கொடுக்கப் போவதற்கு முதல்நாள் வீட்டைப் பார்க்கவேண்டும் என்று தியாகலிங்கம் இணுவிலுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹெல்மெற்றை அதில் விடாமல் உள்ளே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். இடது கை ஏற்கெனவே மடிந்திருந்தது.

"தேத்தண்ணி குடியுங்கோவன் தம்பி," என்றார் குணலட்சுமி.

"வேண்டாம் அக்கா. குடிச்சால் பிறகு முகத்துக்கு நேர கேள்வி கேக்கேலாது."

கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் இருந்த நீலப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பை. திறந்து பார்க்கலாமா என்றார். குணலட்சுமிக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"உது பொம்பிளையளின்ரை சாமான் தம்பி."

"தெரியும் அக்கா. எனக்கும் மூண்டு பிள்ளையள்."

பிரதீபா தானே எழுந்து வந்து பையைத் திறந்தாள். சரிகை வைத்த குழந்தைத் தலையணை, புதிய இரவுடைகள், பவுடர், அடியில் குணலட்சுமியின் சொந்தத் தலையணை, அவருடைய தேவாரப் புத்தகம்.

தியாகலிங்கம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சுடுதண்ணிப் போத்தல் எங்க? கோப்பை எங்க? பழஞ்சீலை ஒண்டையும் காணேல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போறவை முதல் வைக்கிறது உதுகளைத்தான். உங்கட தலகாணியும் கிடக்கு அக்கா. அங்க உங்களை ஆர் படுக்க விடுறது?"

 அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், உங்களுக்கும் தெரியுமோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். என் வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகள் பார்ப்பது போலத்தான் பார்த்திருப்பேன்.

குணலட்சுமி அழுதுவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். "முதல் பிள்ளைக்கு நான் பெரியாஸ்பத்திரிக் கேற்றடியில நாலு மணித்தியாலம் நிண்டனான் தம்பி. உள்ளை என்ன நடக்குதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பிரைவேற்றில எண்டால் நான் பக்கத்தில இருக்கலாம். ரத்தம் வேணுமெண்டால் நீங்கள் இருக்கிறியள்தானே? ஒரு கோல் எடுத்தால் ஓடி வரமாட்டியளோ?"

தியாகலிங்கம் மடியில் இருந்த ஹெல்மெற்றை எடுத்து நிலத்தில் வைத்தார்.

"வந்தனான் அக்கா. ஆறு வருசத்துக்கு முன்னம் உப்பிடித்தான் ஒரு பிரைவேற் ஆஸ்பத்திரியில இருந்து கோல் வந்தது. மத்தியானம். பிள்ளை பிறந்திட்டுது, தாய்க்கு ரத்தம் நிக்குதில்லையாம். இருபது நிமிசத்தில போயிட்டன். கதிரையில இருந்து சட்டைக் கையை மடிச்சு விட்டன். ஒருத்தரும் ஊசி குத்த வரேல்லை. என்னெண்டு கேட்டால், அங்க ரத்தம் எடுக்கிறேல்லையாம். எடுத்தாலும் சோதிச்சுப் பாக்காமல் ஏத்தேலாதாம். பெரியாஸ்பத்திரிக்கு வான் அனுப்பியிருக்காம், அது வருமாம். நான் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறன். கதவுக்கு அங்கால அந்தத் தாய் கிடக்கிறா. வான் திரும்பி வந்து கேற்றடியில நிக்கேக்க உள்ளை வீட்டுக்காரற்றை அழுகைச் சத்தம் கேட்டுது."

மடித்திருந்த தன் இடது கையைப் பார்த்தார்.

"அந்தத் தாய்க்கு லவீனா எண்டு பேர். பிறகுதான் தெரியும். ரத்தம் என்ரை உடம்பில இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை அக்கா. பிள்ளை பெறுற இடத்துப் பிறிட்ஜுக்க இருக்கவேணும். நீங்கள் அறை எடுத்த இடத்தில அது இருக்கோ? கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. ஏசி இருக்கிறதா என்று கேட்டிருந்தோம். சுடுதண்ணீர் வருமா, இரவில் ஒருவர் கூடத் தங்கலாமா என்றெல்லாம் கேட்டிருந்தோம். ஓ நெகற்றிவ் ஆள் ஒருவர் தொலைபேசியில் இருக்கிறார் என்பதையே இரத்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். இந்தச் சின்ன விசயம் இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நினைக்க எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"மாமி, நான் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறன்," என்றாள் பிரதீபா.

"அப்ப கேட்டை?"

"கேட்டையில பிறந்தாலும் பிள்ளைக்குத் தாய் இருக்கவேணும்தானே மாமி."

அதற்குப் பிறகும் தியாகலிங்கம் எழுந்திருக்கவில்லை. வாய்ச்சொல்லை நம்பும் ஆளா அவர்? தலையணை வெளியே வந்து, சுடுதண்ணிப் போத்தலும் கோப்பையும் பழைய சேலைகளும் உள்ளே போகும்வரை இருந்து பார்த்தார். ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் காலையில் யாழ்ப்பாணம் போய் இரத்தம் கொடுத்தார். கொடுத்ததற்கான சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியும் இருந்தார். தான் மற்றவர்களிடம் கேட்கும் அத்தாட்சியைத் தானும் கொடுக்கிற நேர்மை அது.

அவர் இரத்தம் கொடுத்த பதின்மூன்றாம் நாள் பிரதீபாவுக்கு நோவு கண்டது. சாத்திரியார் பயந்த கேட்டைக்கு ஐந்து நாள் முன்னதாகவே பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஒப்பரேசனும் இல்லை. நானும் குணலட்சுமியும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சுவிட்டோம். கால் மணித்தியாலம் போகவில்லை, உள்ளே ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள்.

நடந்ததைப் பிரதீபா பிறகு சொன்னாள். "எனக்கு ஒரு நோவும் இல்லை அண்ணை. எப்பிடி இருக்கெண்டு நேர்ஸ் மிஸ்ஸி கேட்டா. நல்லா இருக்கிறன் எண்டு சொன்னன். காலுக்குக் கீழ சூடா இருந்தது, அவ்வளவுதான். அவ என்ரை பேச்சை நம்பாமல் போர்வையைத் தூக்கிப் பாத்தா. பிறகுதான் எல்லாரும் ஓடி வந்தினம்."

கர்ப்பப்பை சுருங்கவில்லையாம். வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே மருந்து ஏற்றினார்கள். இரண்டு பைகள் இரத்தம் ஏற்றினார்கள். இரத்தம் அதே ஆஸ்பத்திரி வங்கியில் இருந்து மேல்மாடிக்கு வந்தால் போதுமாக இருந்தது, வானில் கேற்றடிக்கு வரவேண்டியிருக்கவில்லை.  குணலட்சுமி என் கையைப் பிடித்திருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று இந்த முறை ஒரு தாதி இரண்டு தரம் வெளியே வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். குணலட்சுமி தேவாரமும் பாடவில்லை, சாத்திரியாரைப் பற்றியும் பேசவில்லை.

தொலைபேசியில் சொன்னபோது தியாகலிங்கம் முதலில் வாட் இலக்கத்தைக் கேட்டார், பிறகு கட்டில் இலக்கத்தை. உங்களுடைய இரத்தம்தான் தங்கச்சியைக் காப்பாற்றியது என்றேன். 

"அதை நான் நம்பேல்லை மாஸ்டர். வங்கியில ஆற்றை ரத்தம் எண்டு பேர் எழுதி வைக்கிறேல்லை. ஆற்றையோ, நேரத்துக்கு அங்க கிடந்துதுதானே."

பேற்றுத் தீட்டான துடக்குக் கழிந்து மறுகிழமை பொலிகண்டிக்குப் போனோம். பிரதீபா, குழந்தை, ஒரு பெட்டி பயத்தம் பணியாரத்தோடு குணலட்சுமி. தியாகலிங்கம் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இடது சட்டைக் கை முழங்கைக்கு மேலேதான் இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நான் எத்தனையோ நாளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அதை அவர் நம்பவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஞானாம்பிகை குழந்தையை வாங்கிக்கொண்டார். தியாகலிங்கம் குழந்தையைப் பார்க்கவில்லை.

"எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய்?"

"நல்லா இருக்கிறன் ஐயா."

"உதை எல்லாரும் சொல்லுவினம். இஞ்சால வெளிச்சத்துக்கு வா. கண்ணைக் கீழ இழுத்துக் காட்டு."

பிரதீபா வெயிலில் போய் நின்று, இரண்டு விரல்களால் கீழிமையை இழுத்துக் காட்டினாள். கிளினிக் கொப்பியைப் பார்த்த அதே முகத்தோடு குனிந்து பார்த்தார். மற்றக் கண்ணையும் காட்டச் சொன்னார். உள்ளே வெளிறாமல் சிவப்பாக இருந்தது.

நிமிர்ந்தார். இடது கையை நீட்டி, சட்டையின் மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, மணிக்கட்டுவரை இறக்கி, கசங்கிய துணியைத் தடவிவிட்டு, தெறியைப் பூட்டினார்.